செத்தல் மிளகாயும் யாழ்ப்பாணத்துச் சுவைமரபும்

சுவை ஆறு என்பது தமிழர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கொள்கை. கைப்பு, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கார்ப்பு என்னும் இவ்வாறனுள் கார்ப்பு என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே இன்று நம் நினைவுக்கு வருவது மிளகாயே. யாழ்ப்பாணத்தார் தம் வழக்கில் அதனை உறைப்பு என்பர். ஆயின், அறுசுவை வகுக்கப்பட்ட காலத்திலே மிளகாய் என்றொரு பொருள் தமிழகத்திலும் இல்லை, ஈழத்திலும் இல்லை, ஆசியாக் கண்டத்தின் எப்பகுதியிலும் இல்லை. நம் முன்னோர் கண்ணாற் கண்டறியாத காயொன்று, சில நூற்றாண்டுகளுக்குள்ளே நம் அடுக்களையின் தலைமைப் பொருளாகி, யாழ்ப்பாணத்துச் சமையல் என்றவுடன் பிறர் முதலில் நினைப்பதாகவும் அமைந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக் கறி உறைப்பு மிக்கது. அதுவே அதன் சிறப்பு என்பது பலர் கருத்து. உணவுச்சாலைகளின் விளம்பரங்களும் இதனையே பறைசாற்றுகின்றன. இக்கருத்து உண்மையின் ஒரு கூறே என்பதும், உறைப்பு, நிறம், மணம் ஆகிய மூன்றையும் வேறு வேறாக அறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவிற் கூட்டியும் குறைத்தும் ஆளும் அறிவிலேயே நம் சுவைமரபின் உயர்வு தங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையில் எடுத்துக் காட்டப்படும். அவ்வறிவு எழுத்தில் அமைந்ததன்று. கைவழிக் கையாக வந்தது. ஆகலின் கையோடு மறைந்துபோதலும் கூடும். அது பற்றியே ஈண்டு இதனை ஆராய முற்பட்டோம்.

பெயரும் வரவும்

மிளகாயின் தாயகம் அமெரிக்கா. மெக்சிக்கோ நாட்டு மக்கள் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனைப் பயன்படுத்தி வந்தனர் என்பதை அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்த எச்சங்கள் உணர்த்துகின்றன. ஆங்கிலேயர் வழங்கும் சில்லி என்னும் பெயர் அந்நாட்டுப் பழங்குடியினரின் நாகுவாத்துல் மொழிச் சொல்லாகும். 1492ஆம் ஆண்டிலே மிளகு விளையும் நாட்டைத் தேடிப் புறப்பட்ட கொலம்பசு, மேற்கிந்தியத் தீவுகளில் இக்காயைக் கண்டு, அதன் உறைப்பினால் மயங்கி, அதனையும் மிளகின் இனமெனவே கொண்டான். தாவரவியலார் நோக்கில் இரண்டும் முற்றிலும் வேறானவை. மிளகு கொடியிற் காய்ப்பது, வெற்றிலையின் உறவு. மிளகாய் செடியிற் காய்ப்பது. கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியவற்றின் உறவு. ஆயினும் கொலம்பசின் மயக்கம் பல மொழிகளில் இன்றும் நிலைத்திருக்கின்றது.

போர்த்துக்கேயர் 1498ஆம் ஆண்டிற் கோழிக்கோட்டையும், 1505ஆம் ஆண்டில் இலங்கையையும் அடைந்தனர். 1510இற் கோவாவைக் கைப்பற்றினர். அவர்தம் கப்பல்களின் வழியே மேற்கிலிருந்து வந்த பொருள்களுள் மிளகாயும் ஒன்று. புதிதாக வந்த பொருளுக்குப் பெயரிடும் வகையில் ஒவ்வொரு மொழியினரும் நடந்துகொண்ட முறை ஆராயத்தக்கது. தமிழர் மிளகு என்னும் பழம்பெயரோடு காய் என்பதனைச் சேர்த்து மிளகாய் என்றனர். சிங்கள மொழியிலோ மிரிஸ் என்னும் பழைய மிளகின் பெயரை வந்த விருந்தாளியே கைக்கொண்டது. மிளகு கம்மிரிஸ், அதாவது ஊர் மிளகு, என அடைமொழி பெற்று ஒதுங்கி நின்றது. கிழக்கிலங்கைத் தமிழர் வழங்கும் கொச்சிக்காய் என்னும் பெயரைக் கொச்சித் துறைமுகத்தோடு இயைத்துக் கூறுவர். இப்பெயர்கள் யாவும் மிளகாய் வருமுன் அதன் இடத்தில் இருந்தது எது என்பதையும், அஃது எங்கிருந்து வந்தது என மக்கள் எண்ணினர் என்பதையும் காட்டும் சான்றுகளாகும்.

முன்னிருந்தது மிளகே. சங்க நூல்களிலே கறி என்னுஞ் சொல் மிளகைக் குறிக்கும். காவிரிப்பூம்பட்டினத்துக்கு வண்டிகளில் வந்திறங்கிய கறிமூடைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. அத்துணைப் பெருமை வாய்ந்த மிளகை, நேற்று வந்த மிளகாய் எங்ஙனம் வென்றது? விடை மண்ணிலும் மழையிலும் உள்ளது. மிளகுக்கொடி நிழலும் ஈரமும் மிக்க மலைச்சாரல்களை விரும்புவது. யாழ்ப்பாணத்தின் வறண்ட சமவெளியில் அது செழித்தல் அரிது. ஆகவே மிளகு இங்கே விலைகொடுத்து வாங்கவேண்டிய பொருளாகவே இருந்தது. மிளகாயோ எவர் வளவிலும் முளைக்கும். சில திங்களில் காய்க்கும். ஒரு காயின் வித்துக்கள் ஒரு பாத்தியை நிரப்பும். பழுத்ததை வெயிலில் உலர்த்தினால் அடுத்த பருவம் வரையும் இருக்கும். செல்வர் வீட்டுக்குரிய கார்ப்பை ஏழையின் குடிலுக்குங் கொண்டுவந்தது மிளகாய். வென்றதற்குக் காரணம் இதுவே.

மிளகாய் முழுவெற்றி பெறவில்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. பிள்ளை பெற்ற தாய்க்கு ஆக்கும் சரக்குக்கறியை நோக்குவோம். அதிலே மிளகு, மல்லி, நற்சீரகம், மஞ்சள், உள்ளி என்பன அரைபடும். மிளகாயைப் பெரிதுங் குறைப்பர், அல்லது விலக்குவர். தடிமனுக்கு வைக்கும் இரசத்திலும் மிளகே தலைமை பெறும். நோயிலும் பத்தியத்திலும் மக்கள் புதுமையை நாடார், பழமையையே நாடுவர். ஆதலின் பத்தியக்கறி என்பது மிளகாய் வருமுன் நம் முன்னோர் உண்ட உணவின் எஞ்சிய சாயல் எனக் கொள்வதிற் பிழையில்லை.

உறைப்பின் இயல்பு

உறைப்பு என்பது யாது? அஃது இனிப்பும் புளிப்பும் போல நாவின் சுவையரும்புகளால் உணரப்படுவதன்று என்பது இக்கால விஞ்ஞானத்தின் முடிபு. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான பொருளுக்கு 1876ஆம் ஆண்டில் திரெசு என்னும் ஆங்கில ஆய்வாளர் கப்சேசின் எனப் பெயரிட்டார். அதன் இரசாயன அமைப்பை 1919இல் நெல்சன் என்பார் விளக்கினார். கப்சேசின் நம் உடலில் எவ்விடத்தைத் தாக்குகின்றது என்பதோ 1997ஆம் ஆண்டுவரை தெளிவாகவில்லை. அவ்வாண்டில் அமெரிக்கப் பேராசிரியர் தேவிட்டு சூலியசும் அவர்தங் குழுவினரும், நரம்பு நுனியிலுள்ள ஒரு புரதமே கப்சேசினை ஏற்கும் வாயில் என்பதையும், அதே வாயில் ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தினாலுந் திறக்கும் என்பதையும் கண்டறிந்தனர். வெப்பத்தையும் தொடுகையையும் உடல் உணரும் வகையை ஆராய்ந்தமைக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபெற் பரிசு இவருக்கும் ஆர்டெம் பட்டப்பூட்டியன் என்பாருக்கும் வழங்கப்பட்டது. ஆகவே மிளகாயை உண்டவன் வாய் எரிகின்றது என்று கூறுவது வெறும் உவமையன்று. தீயின் சூட்டை உணர்த்தும் நரம்பே அவனுக்கு அச்செய்தியைக் கொண்டு செல்கின்றது.

இங்ஙனமாயின், கார்ப்பைச் சுவையென வகுத்த நம் முன்னோர் பிழைத்தனரோ என ஒருவர் வினவலாம். மிளகின் காரப்பொருளும், இஞ்சியின் காரப்பொருளும் கப்சேசின் திறக்கும் அதே வாயிலையே திறக்கின்றன என்பதனை ஆய்வாளர் கண்டுள்ளனர். கொடியிற் காய்ப்பதையும் கிழங்காக விளைவதையும் ஒருசேர எண்ணிக் கார்ப்பு என ஒரு பெயரிட்டவர்கள், கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒற்றுமையை நாவினாலேயே உணர்ந்திருந்தனர். கடல் கடந்து வந்த மிளகாயும் அவர்கள் வகுத்த அறையிலேயே தயக்கமின்றிப் புகுந்துகொண்டது. வகுப்பின் பெயரில் வேறுபாடு இருக்கலாம். வகுத்த நுட்பத்திற் குறையில்லை.

கப்சேசினைப் பற்றிய வேறு சில உண்மைகள் சமையலுக்கு இன்றியமையாதவை. உறைப்பு வித்தில் உள்ளது என்பது பொதுமக்கள் நம்பிக்கை. உண்மையில் அது வித்துக்கள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதையிலேயே உண்டாகின்றது. வித்துக்கு அது தொட்ட உறவினால் வருவது. கப்சேசின் தண்ணீரிற் பெரும்பாலுங் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலுங் கரையும். உறைத்தவன் தண்ணீரை மாந்தினால் எரிவு தணியாது பரவுவதும், மோரோ பாலோ பருகினால் தணிவதும் இதனாலேயே. பாலிலுள்ள புரதமும் கப்சேசினைப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. பறவைகளுக்கு மட்டும் இவ்வுறைப்புப் புலனாவதில்லை. கிளியும் மைனாவும் மிளகாய்ப் பழத்தைக் கொத்தியுண்டு வித்தைத் தொலைவில் எச்சமிடுகின்றன. பல்லினால் வித்தை அரைத்து அழிக்கும் விலங்கை விலக்கி, அழியாது பரப்பும் பறவையை அழைத்தற்கே செடி இவ்வுறைப்பை மேற்கொண்டது என்பர் ஆய்வாளர்.

மண்ணும் செய்கையும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கு இல்லை. வடகீழ்ப் பருவமழை கற்பிளவுகளினூடே இறங்கித் தங்கும் நீரைக் கிணறுகளால் இறைத்தே தோட்டம் செய்யவேண்டும். கோண்டாவில், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் முதலிய ஊர்களின் செம்பாட்டு மண் நீரைத் தேக்காது வடியவிடுவது. மிளகாய்ச் செடிக்கு வேரடியில் நீர் நிற்றல் ஆகாது. வேர் உலர்தலும் ஆகாது. வடியும் மண்ணும், அளந்து பாய்ச்சும் கிணற்று நீரும், மாரி கழிந்தபின் வரும் நெடுவெயிலும் ஒருங்கு கூடிய இடமாதலின் செத்தலுக்கு ஏற்ற நிலமாயிற்று இது.

பெரும்பாலும் மாரியின் இறுதியில் நாற்றுமேடையில் வித்திட்டு, மழை ஓய்ந்தபின் நாற்றை எடுத்துத் தோட்டத்தில் நடுவர். முற்காலத்தில் ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து இறைக்க, இன்னொருவர் வாய்க்கால் வழியே பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவர். பின்னர் மண்ணெண்ணெயாலும் மின்சாரத்தாலும் இயங்கும் பொறிகள் துலாவின் இடத்தைப் பெற்றன. பூவரசங்குழை தாழ்த்தும், ஆடுமாடுகளைப் பட்டியடைத்தும் மண்ணுக்கு உரமூட்டினர். புகையிலை, வெங்காயம், குரக்கன் ஆகியவற்றோடு மாறி மாறிப் பயிரிட்டனர். இத்துணை உழைப்பின் பயனாக வந்த காயாதலின் அதனை வீணாக்காது ஆளும் முறையும் உடன் வளர்ந்தது.

உலர்த்துதல் தனியொரு கலை. யாழ்ப்பாணத்துச் செத்தல் நீண்டு மெலிந்து நுனி கூர்ந்தது, தோல் தடித்ததன்று. ஆதலின் வெயிலில் விரைவில் உலரும். முற்றப் பழுத்த பழத்தையே பறித்தல் வேண்டும். பறித்ததை உடனே வெயிலில் இடாது, ஓரிரு நாள் நிழலிற் குவித்து வைப்பர். அரைச்சிவப்பாய் இருந்தவையும் அக்குவியலின் வெம்மையிலே முழுச்சிவப்பாகும். பின்னரே பாயிற் பரப்பி, நாடோறும் கிளறி, மாலையில் பனி படாது அள்ளி மூடி உலர்த்துவர். நாலு கிலோ பழம் ஏறத்தாழ ஒரு கிலோ செத்தலாகும். நன்கு காய்ந்த செத்தலைக் குலுக்கினால் வித்துக் கலகலவென ஒலிக்கும். தோல் கருஞ்சிவப்பாய் மினுங்கும். காம்பு கழலாது நிற்கும். ஈரம் எஞ்சிய செத்தல் சில வாரத்திற் பூஞ்சணம் பிடிக்கும், நிறம் வெளிறும். அப்பூஞ்சணத்துள் உடலுக்கு நஞ்சாவனவும் உள.

நிறமும் மணமும்

பச்சை மிளகாயும் செத்தலும் ஒரே செடியின் காய்களேயாயினும் சமையலில் இரு வேறு பொருள்கள். பச்சைக் காயின் மணம், இலைமணமும் பசுமையுங் கலந்தது. இம்மணத்துக்குச் சிறந்த காரணமான பொருள் காய் பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடுகின்றது. மாறாக, பழுக்கும்போது கப்சந்தின் முதலிய செந்நிறப் பொருள்கள் பெருகுகின்றன. விற்றமின் சி பச்சைக் காயிலும் பழத்திலும் மிகுதியாக உண்டு. அங்கேரி நாட்டு ஆய்வாளர் சென்ற் கியோர்கி இவ்விற்றமினைப் பேரளவிற் பிரித்தெடுத்தது தம் ஊராகிய செகெட்டின் மிளகாய்ப் பழத்திலிருந்தே. 1937இல் அவர் நோபெற் பரிசு பெற்றார். செத்தலாக உலரும்போது இச்சத்திற் பெரும்பகுதி அழிந்துபோகின்றது. ஆகவே பச்சை மிளகாய் மணத்துக்கும் சத்துக்கும் உரியது. செத்தல் நிறத்துக்கும் ஆழ்ந்த சுவைக்கும் உரியது.

இவ்வேறுபாட்டை நம் பெண்டிர் நன்கு அறிவர். சொதியை நோக்குக. அதிலே தூள் இடுவதில்லை. கீறிய பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், வெந்தயம், கறிவேப்பிலை என்பவற்றை இரண்டாம் பாலில் அவியவிட்டு, இறுதியில் முதற்பால் விட்டு, இறக்கியபின் தேசிப்புளி சேர்ப்பர். நிறம் கெடலாகாது; பச்சை மணம் தங்கவேண்டும்; உறைப்பு மெல்லிதாய் நிற்கவேண்டும். இம்மூன்றும் செத்தலால் ஆகா. இடித்த சம்பலுக்கோ செத்தலே வேண்டும். அதனைத் தணலில் வாட்டியோ எண்ணெயிற் பொரித்தோ எடுத்து, உப்போடு உரலில் இடித்துப் பின் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் புளியும் சேர்ப்பர். வாட்டுதலினாற் பிறக்கும் புகைமணமே அச்சம்பலின் உயிர். புட்டும் இடியப்பமும் தாமாகச் சுவை குறைந்தவை. அவற்றுக்குத் துணையாவது இச்சம்பலும் சொதியுமே.

தூள்

யாழ்ப்பாணத்து வழக்கில் மிளகாய்த்தூள் என்றால் மிளகாயை மட்டும் அரைத்த தூளன்று. செத்தல், மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை வறுத்து இடித்து அரித்த கூட்டுத்தூளுக்கே அப்பெயர். பிறிதொன்றுங் கலவாததைத் தனி மிளகாய்த்தூள் எனப் பிரித்துக் கூறவேண்டியிருக்கின்றது. வெளியூர்களிற் பலர் பொருட்களைப் பச்சையாகவே அரைப்பர், நம்மவர் வறுப்பர். கருமை கலந்த செந்நிறமும், தொலைவிலேயே அறியத்தக்க மணமும் இவ்வறுப்பினால் வந்தவை.

வறுத்தலில் ஒரு விதி தவறாது பேணப்பட்டது. பொருள்களை ஒன்றாகக் கொட்டி வறுப்பதில்லை. ஒவ்வொன்றையுந் தனித்தனியே வறுப்பர். மல்லி பொன்னிறமாகி மணம் எழும்வரை பொறுக்கும். சீரகம் அத்துணை பொறாது. வெந்தயம் சிறிது கடந்தாலும் கைக்கும். செத்தல் கருகினால் நிறம் போகும், கசப்பு ஏறும், எழும் புகை வீட்டிலுள்ளாரை இருமவும் தும்மவும் வைக்கும். ஆதலின் சிறிதே எண்ணெய் தடவி, மெல்லிய தீயில், முறுகும் அளவுக்கே செத்தலை வறுப்பர். வெப்பத்தினாற் சர்க்கரையும் புரதக் கூறுகளும் இணைந்து புதிய மணப்பொருள்கள் பிறக்கின்றன எனப் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் மயார் 1912ஆம் ஆண்டில் விளக்கிய மாற்றமே இவ்வறைசட்டியிலும் நிகழ்வது. அவர் பெயரை அறியாதாரும் அதன் எல்லையை மூக்கினால் அறிந்திருந்தனர்.

செத்தலும் மல்லியும் பல வீடுகளில் ஏறத்தாழ ஒத்த அளவின. சில வீடுகளில் மல்லி சிறிது மிகும். மீன், இறைச்சி ஆக்கும் வீட்டின் தூளும், மரக்கறி மட்டும் ஆக்கும் சைவ வீட்டின் தூளும் அளவிலும் வறுப்பிலும் வேறுபடும். வீட்டுக்கு வீடு கைப்பாகம் வேறு. மல்லியின் இன்மணம் முதலில் எழும். சீரகங்கள் இடையில் நிற்கும். செத்தலின் உறைப்பு பின்னே வந்து நெடிது தங்கும். உறைப்பை முன்னிறுத்தாது பின்னிறுத்தும் இவ்வொழுங்கே நற்றூளின் இலக்கணம்.

இத்தூள் தேங்காய்ப்பாலோடு சேரும்போது மற்றொரு மாற்றம் நிகழ்கின்றது. கப்சேசினும் செந்நிறப் பொருளும் கொழுப்பிற் கரைவன என முன்னர்க் கூறினோம். பாலிலுள்ள கொழுப்பிலே அவை பரவுகின்றன. ஆதலின் உறைப்பு ஓரிடத்திற் குத்தாது வாய் முழுவதும் மெல்லெனப் படர்கின்றது; கறியின்மேல் மிதக்கும் எண்ணெய் செந்நிறம் பெறுகின்றது. முதலில் இரண்டாம் பாலில் அவித்து, ஈற்றில் முதற்பால் சேர்த்து இறக்கும் வழக்கம் இப்பரவலுக்கு இடமளிப்பது. தடித்த பால் நெடிது கொதித்துத் திரிவதையும் தவிர்ப்பது.

ஒடியற்கூழ் இம்மரபின் உச்சம் எனலாம். பனங்கிழங்கை உலர்த்திப் பெற்ற ஒடியல் மாவிலே மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை என்பன கூடும். அதற்கு இடுவது வறுத்த தூளன்று. ஊறவைத்து அரைத்த செத்தலும் மஞ்சளும் பழப்புளியுமே. ஒடியலுக்கு இயல்பாயுள்ள கசப்பும், கடலுணவின் இனிமையும், புளியும், உப்பும் தனித்தனியே நில்லாது ஒன்றாவதற்கு உறைப்பு வேண்டும். உற்றாரும் அயலாரும் வட்டமாயிருந்து பிலாவிலையைக் கோலிக் கூழருந்தும்போது முகத்தில் வியர்வை அரும்பும், எவரும் எழார். மோர் மிளகாயோ இதற்கு மறுதலை. கீறிய பச்சை மிளகாயை உப்பிட்ட மோரில் ஊறவைத்துப் பலநாள் உலர்த்தும்போது புளிப்பும் உப்பும் உள்ளேறுகின்றன, உறைப்பு மட்டுப்படுகின்றது. ஒரே காயை உறைப்பு மிகும்படியும் குறையும்படியும் ஆக்கத் தெரிந்தவரையே சமையல் வல்லார் என்றல் பொருந்தும்.

ஏற்றமும் இறக்கமும்

செத்தலின் கதை அடுக்களையோடு முடிவதன்று. 1970ஆம் ஆண்டு பதவியேற்ற அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்துச் செத்தலுக்கும் வெங்காயத்துக்கும் நாடெங்கும் நல்ல விலை கிடைத்தது. செம்பாட்டுத் தோட்டங்கள் செழித்தன. வன்னியில் முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களிலே படித்த வாலிபர் குடியேறி மிளகாய் பயிரிட்டனர். மிளகாய்க் காசினால் எழுந்த கல்வீடுகளும், அக்காசினாற் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளும் பலர். 1977ஆம் ஆண்டு ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டவுடன் விலை சரிந்தது. பொறியும் உரமும் கடனாக வாங்கிய கமக்காரர் இடர்ப்பட்டனர்.

அதன்பின் வந்தது போர். 1990ஆம் ஆண்டு முதல் வலிகாமம் வடக்கின் வளமிக்க செம்மண் நிலங்களிற் பெரும்பகுதி பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. மண்ணெண்ணெயும் இரசாயன உரமும் தடைப்பட்டன. தெற்கே செல்லும் நெடுஞ்சாலை மூடுண்டது; விளைந்ததை விற்கும் சந்தை தொலைந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறியபோது, பாத்திகளில் நின்ற செடிகளோடு, ஆண்டுதோறும் நற்பழத்தைத் தேர்ந்து வித்தெடுத்து வைத்த பேணிகளும் பின்தங்கின. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. வித்தோ, ஒரு பருவம் தவறினாலும் தேய்ந்துபோகும் செல்வமாகும்.

இன்று இலங்கையில் உண்ணப்படும் செத்தலின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகின்றது. இலைச்சுருளல் நோயும் கூலிச்செலவும் நம் கமக்காரரைத் தளரச் செய்கின்றன. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தார் நல்விளைவு தரும் எம்.ஐ. வகைகளை அளித்துள்ளமை போற்றத்தக்கது. எனினும் விளைவு ஒன்று, சுவை வேறொன்று. கருநாடகத்தின் பியாடகி மிளகாய் உறைப்பிற் குறைந்து நிறத்தில் மிக்கது. அது 2011இற் புவிசார் குறியீடு பெற்றது. உருண்டு தடித்த இராமநாதபுரம் முண்டு 2023இல் அச்சிறப்பை எய்தியது. தம் மண்ணின் காய் பிறிதொன்றால் ஈடுசெய்ய முடியாதது என்பதை அவ்வூரார் உலகுக்கு நிறுவினர். நம் செத்தலும் அவ்வாறு போற்றத்தக்கதே.

மற்றோர் இடரும் உண்டு. 1912ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்தியலார் இசுக்கோவில் உறைப்பை அளக்க ஒரு முறை வகுத்தார். அவ்வளவுகோலைக்கொண்டு உலகில் இன்று போட்டி நடைபெறுகின்றது. 2023ஆம் ஆண்டில் உலகச் சாதனையென அறிவிக்கப்பட்ட பெப்பர் எக்ஸ் என்னும் மிளகாயின் அளவு 26 இலட்சத்துக்கும் மேற்பட்டது. உண்பவன் வியக்கலாம், சுவைத்தல் இயலாது. நம் இளைஞருட் சிலரும் கறியின் தரத்தைக் கண்ணீரின் அளவால் மதிக்கத் தொடங்கியுள்ளனர். உறைப்பு மட்டுமே வேண்டுமாயின் எந்நாட்டு மிளகாயும் போதும். நம் தோட்டமும், நம் வறைசட்டியும், நம் தாயரின் கைப்பாகமும் வேண்டா.

முடிபு

கடல் கடந்த நாடுகளில் வாழும் நம்மவர் ஊரிலிருந்து வருவோரிடம் முதலிற் கேட்பது தூளே. இலண்டனிலும் தொறன்றோவிலும் கடைகளிற் பலவகைத் தூள் கிடைக்கின்றது. ஆயினும் தாய் வறுத்து இடித்து அனுப்பிய தூளைத் திறக்கும்போது எழும் மணத்திலே ஒரு முற்றமும், பாயிற் காயும் செத்தலும், மாலையில் அதனை அள்ளிய கைகளும் தோன்றுகின்றன. அது வெறும் நினைவுமன்று. எந்நிலத்துப் பழம், எவ்வளவு காய்ந்தது, எவ்வளவு வறுபட்டது என்னும் அறிவின் திரட்சியே அம்மணம்.

மிளகாய் நமக்கு அயலது. அதனை ஆளும் அறிவு நம்முடையது. அயலதை ஏற்றுத் தமதாக்குதல் ஒரு சமுதாயத்தின் வலிமை; தமதாக்கியதைப் பேணாது விடுதல் அதன் மெலிவு. மாணவர் செய்யத்தக்க பணிகள் இரண்டு. தம் வீட்டுத் தூளின் அளவையும் வறுக்கும் முறையையும் தாயரிடமும் பாட்டியரிடமும் கேட்டு எழுதி வைத்தல் ஒன்று. ஊரில் எஞ்சியுள்ள பழைய மிளகாய் வித்துக்களைத் தேடி வளவில் ஒரு பாத்தியிலேனும் நட்டுக் காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் பெருஞ்செலவு வேண்டாதவை. காலந் தாழ்த்தினாலோ எச்செலவாலும் மீட்க இயலாதவை.